உங்கள் தளத்தில் முதல் பி.எச்.பி. ஸ்கிரிப்ட்

எங்கள் ஊரில் பெரியப்பா ஒரு கல்யாண மண்டபம் நடத்துகிறார். அதற்கு எச்.டி.எம்.எல். பக்கங்களில் ஒரு இணையதளம் அமைத்துக் கொடுத்தேன். எந்த முகூர்த்த நாள் காலி என்ற பட்டியலும் அதில் உண்டு. ஒரு நாள் புக் ஆனால் பெரியப்பா போன் செய்வார். நான் சென்னையில் அறைக்குத் திரும்பிய பின் பட்டியலைத் திருத்தி அப்லோட் செய்வேன். ஒரு வாரம் வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன். தளத்தில் "காலி" என்று இருந்ததைப் பார்த்து ஒரு குடும்பம் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கியது. "உன் வெப்சைட்டை நம்பித்தானேப்பா வந்தாங்க" என்றார் பெரியப்பா. அந்த வாரமே பி.எச்.பி.க்கு மாறினேன்.

ராஸ்மஸ் லெர்டார்ப் என்பவர், இணையத்தில் வைத்திருந்த தன் பயோடேட்டாவை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய 1994ல் எழுதிய சிறு புரோகிராம்களே பி.எச்.பி.யின் தொடக்கம். 1995ல் அவற்றை எல்லாருக்கும் இலவசமாகத் தந்தார்.

எச்.டி.எம்.எல். பைலை சர்வர் அப்படியே உங்கள் பிரவுசருக்கு அனுப்பிவிடும். பி.எச்.பி. பைலை முதலில் சர்வரே படித்து, அதிலுள்ள கட்டளைகளை இயக்கி, கிடைத்த விடையை மட்டும் அனுப்பும். அதனால்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த பைலை டபுள் கிளிக் செய்தால் எதுவும் நடப்பதில்லை. பைல் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

உங்கள் ஹோஸ்டிங் கணக்கில் பி.எச்.பி. வசதி உள்ளதா என்று முதலில் பாருங்கள். கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்களில் அது இயங்காது. பதிப்பைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 8 வரிசையில் புதியதைக் குறிக்கவும், 7.4க்கான ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டது.

இன்றைய தேதியைக் காட்டும் ஒரு வரி ஸ்கிரிப்ட்டோடு தொடங்குங்கள். எக்கோ என்ற கட்டளையும் டேட் என்ற பங்ஷனும் போதும். நோட்பேடில் சேவ் செய்கையில் "ஆல் பைல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இல்லாவிட்டால் பெயரின் பின்னால் டி.எக்ஸ்.டி. ஒட்டிக்கொள்ளக்கூடும். பின் பப்ளிக்_எச்.டி.எம்.எல். போல்டரில் அப்லோட் செய்து, பிரவுசரில் அதன் முகவரியை டைப் செய்திடவும். சில ஹோஸ்டிங்கில் இந்த போல்டருக்கு வேறு பெயர் இருக்கும்.

நான் இதைச் செய்தது இரவு ஒரு மணிக்கு. முந்தைய நாள் தேதி வந்தது! அரை மணி நேரம் பிழை தேடினேன். பிழையே இல்லை. அந்த சர்வர் யு.டி.சி. நேரத்தில் ஓடியது, நம் நேரம் அதைவிட 5.30 மணி முன்னால். டைம்ஜோனை "ஏசியா/கொல்கத்தா" என்று ஒரு வரியில் அமைத்ததும் சரியானது. முகூர்த்தப் பட்டியலில் ஒரு நாள் பிசகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து நான் செய்த தவறு இன்னும் பெரியது. தேதிகளை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் வைத்து, அதன் பாஸ்வேர்டைத் தனி பைலில் எழுதி, பழைய பாடம் ஒன்றைப் பார்த்து அந்த பைலுக்கு ஐ.என்.சி. என்று துணைப்பெயர் கொடுத்தேன். சில நாள் கழித்து அலுவலக நண்பன் போன் செய்து என் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாக வாசித்தான். அவன் செய்ததெல்லாம் பிரவுசரில் அந்த பைலின் முகவரியை டைப் செய்ததுதான். பி.எச்.பி. என்று முடிந்திருந்தால் சர்வர் இயக்கியிருக்கும், ஐ.என்.சி. என்றதும் சாதாரண எழுத்தாக நினைத்து அப்படியே நீட்டிவிட்டது. பொறியியல் பட்டம் வாங்கிய எனக்கே இந்த கதி.

உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு அந்த பைலுக்கு பி.எச்.பி. என்று பெயரிட்டு, பப்ளிக்_எச்.டி.எம்.எல். போல்டருக்கு வெளியே, ஒரு படி மேலே கொண்டுபோய் வைத்தேன். அங்கே ஸ்கிரிப்ட் அதைப் படிக்கும், பிரவுசரால் எட்ட முடியாது. சோதனைக்கு அப்லோட் செய்த பைல்களையும் அப்போதே அழித்துவிடுங்கள், பி.எச்.பி. இன்போ பக்கம் இருந்தால் அதைத்தான் முதலில்.

இப்போது பெரியப்பாவே லாகின் செய்து நாளைக் குறித்துவிடுகிறார். முன்பணம் கைக்கு வந்த மறு நிமிடம் தளத்தில் அந்தத் தேதி மறைந்துவிடும்.