ஹைபிரிட் காருக்குப் புது டயர்: மிச்சமும் பிடிப்பும்

கொழும்பிலிருந்து வரும் ஏ-3 வீதி, சிலாபம் தாண்டி முந்தல், மதுரங்குளி வழியாகப் பாலாவியை அடையும் வரை ஏறக்குறைய சமதரைதான். பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதி பிரிந்து போகிறது. அதிலும் ஏற்றம் இறக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை. இந்தத் தரை ஹைபிரிட் காரின் கணக்கையே மாற்றிவிடுகிறது.

கொழும்பு நெரிசலில் ஒவ்வொரு தடவை பிரேக் மிதிக்கும்போதும் ஹைபிரிட்டின் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, காரின் ஓட்ட ஆற்றலில் ஒரு பகுதியை பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. சாதாரணக் காரில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் அது. பாலாவிப் பக்கத்தில் பிரேக் பிடிக்கும் வேலையே குறைவு. இங்கே பெற்றோலைத் தின்பவை முக்கியமாக இரண்டு: எதிர்க்காற்றும் டயரும். காற்றைத் தள்ளுவதில் போன ஆற்றலும், டயருக்குள் சூடாகிப் போன ஆற்றலும் எந்த பற்றரிக்கும் திரும்பி வராது. ஆகவே பிரேக்கில் போவதை மீட்கத் தெரிந்த காரில், டயரில் போவது பெரிய பங்காகத் தெரிகிறது. டயர் மாற்றும்போது ஹைபிரிட்காரர் மற்றவரைவிடக் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான்.

டயர் எப்படி ஆற்றலைத் தின்கிறது? தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்குகிறது, தரையை விட்டதும் பழைய வடிவத்துக்கு மீள்கிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதும் மீளும்போது திரும்புவதில்லை. மீதி வெப்பமாகிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் அக்குவா ஹைபிரிட் காரின் சக்கரம் விநாடிக்கு எட்டுத் தடவைக்கு மேல் சுற்றுகிறது. ரப்பரின் ஒவ்வொரு துண்டும் அத்தனை தடவை நசுங்கி மீள்கிறது. இந்த இழப்பை உருளல் தடை என்கிறோம்.

நெடுங்காலம் இதில் ஒரு சிக்கல் இருந்தது. உருளல் தடையைக் குறைத்தால் ஈர வீதியில் பிடிப்பும் குறைந்தது. ரப்பருக்கு வலுவூட்டச் சேர்க்கும் காபன் கருந்தூளில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்து, 1992இல் மிஷெலின் நிறுவனம் ‘பச்சை டயர்’ ஒன்றைக் கொண்டுவந்தது. கற்பிட்டி மணலில் கிடக்கும் அதே சேர்மம்தான், நுண்ணிய தூளாகத் தயாரிக்கப்பட்டது. சக்கரம் சுற்றும்போது ரப்பர் விநாடிக்குச் சில தடவை மட்டுமே நசுங்குகிறது. வழுக்கும்போதோ வீதியின் நுண்ணிய கற்கள் அதை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை அதிரவைக்கின்றன. சிலிக்காக் கலவை முதல் வகை அசைவில் குறைவாகவும் இரண்டாம் வகையில் அதிகமாகவும் ஆற்றலை உறிஞ்சுகிறது. ஆற்றலை உறிஞ்சினால்தான் பிடிப்பு உண்டு. டயர் வேதியியலின் மிக அழகான வெற்றி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

இலங்கையில் ஓடும் ஹைபிரிட்டுகளில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை. அங்கே 2010 ஜனவரி முதல் டயருக்குத் தர முத்திரை உண்டு. உருளல் தடைக்கு ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என ஐந்து தரம். ஈரப்பிடிப்புக்கு ஏ முதல் டி வரை நான்கு. ஐரோப்பிய முத்திரை 2012 நவம்பரில் வந்தது. 2021 மே முதல் அது ஏ முதல் ஈ வரையான வடிவில் இருக்கிறது. மூன்று பேர் ஏறிய அக்குவாவின் எடை சுமார் 1,300 கிலோ. ஏஏஏ டயரில் அதை உருட்டிக்கொண்டிருக்க எட்டரைக் கிலோ எடையளவு விசை போதும். பி தரத்தின் கீழ் எல்லையில் உள்ள டயருக்குப் பதின்மூன்றரைக் கிலோ வேண்டும்.

இதைப் பார்த்துவிட்டு மூன்றில் ஒரு பங்கு பெற்றோல் மிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. உருளல் தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் வரை மிஞ்சும் என்று அமெரிக்கத் தேசிய அக்கடமிகளின் 2006ஆம் ஆண்டு அறிக்கை கணித்தது. லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் கார் 40,000 கிலோமீற்றருக்கு 2,000 லீற்றர் குடிக்கும். உருளல் தடை 20 சதவீதம் குறைந்த டயர் போட்டால் 40 முதல் 80 லீற்றர் மிஞ்சும். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் 12,000 முதல் 24,000 ரூபாய். நான்கு டயருக்குப் பிரித்தால், ஒரு டயருக்கு 3,000 ரூபாய் வரை கூடுதலாகக் கொடுக்கலாம், கை கடிக்காது. அதற்கு மேல் கேட்டால் யோசியுங்கள்.

புது டயர் போட்டதும் “முன்னையைவிட எண்ணெய் கூடக் குடிக்குது” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் கண்டது உண்மைதான், காரணம்தான் வேறு. தேய்ந்த டயரில் நசுங்குவதற்கு ரப்பர் குறைவு. அதனால் உருளல் தடையும் புதிதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேலும், கோடுகளின் 8 மில்லிமீற்றர் ஆழம் 2 மில்லிமீற்றராகத் தேய்ந்த 175/65 ஆர்15 டயரின் விட்டம் ஏறக்குறைய 2 சதவீதம் சிறுத்துப் போயிருக்கும். சக்கரம் கூடுதலாகச் சுற்ற, மீற்றர் ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டும். புது டயர் அந்தப் பொய்க் கணக்கை நிறுத்திவிடுகிறது. ஆகவே புதியதைப் பழையதோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். பத்துப் பன்னிரண்டு வயதான ஹைபிரிட்டுகள் இன்னும் ஓடுவதும், பாவித்த டயரைத் தேடி ஆட்கள் அலைவதும் இதன் விளைவு. பாவித்த டயர் வாங்கத்தான் வேண்டுமென்றால், பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1419 என்றால் 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. கோடுகள் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போயிருக்கும். அழகுக்காக அகல டயரும் பெரிய அலோய் றிம்மும் மாட்டுவது, ஹைபிரிட் வாங்கிய நோக்கத்துக்கே விரோதம். சுமைக் குறியீடும் பழையதைவிடக் குறையக் கூடாது. 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும்.

உப்பளங்களும் கடற்காற்றும் உள்ள இந்தக் கரையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அலோய் றிம்மின் விளிம்பில் உப்பு அரித்தால் டயர் அங்கே சரியாக உட்காராது, காற்று மெல்ல மெல்லக் கசியும். புது டயர் போடும்போது அந்த விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் எரிபொருள் 0.2 சதவீதம் வீணாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 8 குறைந்தால் ஒன்றரைச் சதவீதத்துக்கு மேல் போய்விடும். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய தரத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

ஜப்பான் கார்களின் கதவுத் தூணில் உள்ள ஒட்டியில் அழுத்தம் கிலோபஸ்கலில் இருக்கும். 6.9ஆல் வகுத்தால் பி.எஸ்.ஐ. வரும். 230 என்றால் 33. இதைக் காலையில், வண்டி ஓடும் முன் பார்க்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்து இறங்கிய சூட்டில் அளந்தால் அழுத்தம் கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலை டயர் குறைகாற்றில் நிற்கும்.

இனி என் முடிவு. புத்தளம் மாவட்டத்தின் இந்தப் பகுதியில் மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. மாதக்கணக்கில் காய்ந்த வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் வழுக்கலாகின்றன. பழைய ஐரோப்பிய முத்திரையின்படி, ஈரப்பிடிப்பில் மிக உயர்ந்த தரத்துக்கும் மிகத் தாழ்ந்த தரத்துக்கும் இடையில், 80 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்கும் தூரத்தில் 18 மீற்றர் வரை வித்தியாசம் வரும். ஏஏஏ உருளல் தடையும் டி ஈரப்பிடிப்பும் உள்ள டயர் ஒன்று, ஏஏ உருளல் தடையும் பி ஈரப்பிடிப்பும் உள்ளது இன்னொன்று என்றால், இரண்டாவதை வாங்குங்கள். பழைய டயர் 1.6 மில்லிமீற்றர் தேய்வுக் குறியைத் தொடும் வரை காத்திருக்காமல், ஒக்டோபர் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.