கோடி வால்வு: பழைய வானொலிக் குழல் பயன்படாததா என்று அறிவது எப்படி?

பத்தாண்டு பெட்டியில் மடித்து வைத்திருந்த வேட்டியாயினும், ஒருமுறையேனும் நீரில் நனையாதிருந்தால் அதனைக் கோடி என்றே சொல்கிறோம். நேற்று வாங்கி இன்று துவைத்து உடுத்தியதைக் கோடி என்பதில்லை. வயது வேறு, பழக்கம் வேறு என்னும் நுட்பத்தை இந்த ஒரு சொல் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கிறது. பழைய வானொலி வால்வுகளை விற்போர் ‘நியூ ஓல்ட் ஸ்டாக்’ என்று ஆங்கிலத் தொடர் ஒன்றை வழங்குகின்றனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘புதிய பழஞ்சரக்கு’ என்று நகைப்புக்கு இடமாகும். அவர்கள் கருதுவது கோடியையே. அஃதாவது, செய்து அறுபது ஆண்டாகியும் எந்த வானொலியிலும் பொருத்தப்பெறாத வால்வு. அப்படிச் சொல்லி விற்கப்படுவது உண்மையிலேயே கோடிதானா என்பதே நம் ஆராய்ச்சி.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தகைய வால்வுகள் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் பழம்பொருள் சந்தையிலும், கோலாலம்பூர் ஜாலான் பாசார் வட்டாரத்து மின்னணு உதிரிக் கடைகளின் பழைய இருப்பிலும் கைக்கு வருவதுண்டு. தாத்தாவின் வானொலியை மீண்டும் பேசவைக்க விரும்புவோர் ஒருபுறம். கித்தார் ஒலிபெருக்கிக்கும் இசைத்தட்டு கேட்கும் கருவிக்கும் வாங்குவோர் மறுபுறம். இன்றும் ரஷ்யா, சீனா, சுலோவாக்கியா ஆகிய நாடுகளில் புது வால்வுகள் செய்யப்படுகின்றன. ஆயினும் 1950, 1960-களின் ஐரோப்பிய வால்வுக்குப் பன்மடங்கு விலை கொடுக்க ஆள் இருக்கிறது. 2022-இல் ரஷ்ய ஏற்றுமதி தடைப்படும் என்ற அச்சம் எழுந்தபோது தேவை இன்னும் கூடிற்று. கோடிக்கும் கழித்ததற்கும் விலையில் பெரும் வேறுபாடு உண்டு. பொய்க்கு இடம் உண்டாவது அங்கேதான்.

ஆயின் இந்தப் பொய் பெரும்பாலும் ஏமாற்றும் எண்ணத்தால் பிறப்பதன்று. வானொலி பழுதுபார்ப்போர் ஐயத்துக்குரிய வால்வைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவர். வெறுமையான புது அட்டைப்பெட்டி கையில் இருக்கும். கழற்றியதோ இன்னும் முழுதாகச் சாகவில்லை. அதை அப்பெட்டியிலேயே இட்டு, ‘எதற்கேனும் ஆகும்’ என்று அலமாரியில் வைத்துவிடுவர். அவர் காலத்துக்குப்பின் அலமாரியைத் திறக்கும் மகன், பெட்டியைப் பார்த்துப் புதியது என்று நம்பி விற்கிறான். அவன் முகத்தைப் பார்த்தால் பொய் தெரியாது. ஏனெனில் அவன் பொய் சொல்லவில்லை. ஆதலின் அட்டைப்பெட்டியைச் சான்றுகளுள் மிகக் கடையாயதாகவே கொள்ளவேண்டும்.

வால்வு தேய்வது எங்ஙனம் என்று சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். காற்று நீக்கிய கண்ணாடிக் குழலுக்குள் எதிர்மின்வாய் ஒன்று செந்தணலாகச் சூடேறுகிறது. அதன்மேல் பூசிய பேரியம், ஸ்டிரான்ஷியம் ஆக்சைடுகளிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டுச் சுற்றியுள்ள தகட்டை அடைகின்றன. நாளடைவில் அப்பூச்சின் வீரியம் குன்றும். சாதாரண வால்வின் ஆயுள் சில ஆயிரம் மணி நேரம். பிலிப்ஸ் சிறப்பாகச் செய்த நீடு உழைக்கும் வகைகளுக்கு 10,000 மணி நேரம் என்று கணக்கிட்டனர். தேய்வது உள்ளே, நாம் காணக்கூடியதோ வெளியே. இதுவே இத்தேர்வின் இடர்ப்பாடு.

முதலில் கால்களைப் பாருங்கள். சாக்கெட்டில் செருகும்தோறும் பிடிப்பான் காலின்மேல் நெடுக்கு வாட்டத்தில் ஒரு கீறலை விடும். கீறலே இருக்கக்கூடாது என்று சொல்வோர் உளர், அது தவறு. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு வால்வையும் செருகிச் சோதித்துத்தான் அனுப்பினர். எனவே மெல்லிய கோடு ஒன்றிரண்டு குற்றமன்று. நம் நாட்டு ஈரக்காற்றில் அறுபது ஆண்டு கிடந்த கால்கள் ஒரே சீராக மங்கியிருத்தல் இயல்பு. அந்த மங்கலின்மேல் கீறல் பளிச்சென்று தெரிந்தால் அண்மையில் எவரோ செருகிப் பார்த்திருக்கிறார். விற்பவர் சோதித்ததாகவும் இருக்கலாம். கீறலும் சேர்ந்தே மங்கியிருந்தால் செருகல் பழங்காலத்தது. அத்தகைய மங்கிய கீறல்கள் பலவாக, ஆழமாக இருந்தால் அவ்வால்வு ஒரு வானொலியில் குடியிருந்தது என்றே முடிவு செய்யலாம். இவற்றினும் ஐயுறத்தக்கது, கண்ணாடி வரையில் வெள்ளிபோல் மின்னும் கால். உப்புத்தாள் இட்டுத் தேய்க்காமல் இந்த வானிலையில் அப்படி மின்னாது. பெட்டிக்கும் இதே விதி பொருந்தும். கிள்ளானில் அறுபது ஆண்டு இருந்த அட்டையில் ஒரு பழுப்புப் புள்ளியும் இல்லையெனில் அதன் பிறப்பை விசாரிக்கவேண்டும்.

அடுத்தது, குழலின் உச்சியிலோ பக்கத்திலோ உட்புறமாகக் காணும் வெள்ளிப் பூச்சு. அது பேரியம், உள்ளே எஞ்சிய வாயுவை உறிஞ்சத் தொழிற்சாலையில் படியவைத்தது. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, வால்வு இறந்தது. கோடியாகவே இருந்து இப்படி இறந்தவையும் உண்டு என்பதை மறவாதீர்கள். நெடுநாள் உழைத்த வால்வில் பூச்சின் விளிம்பு பழுப்பேறி, ஊடே ஒளி தெரியுமாறு மெலிந்திருக்கும். பூச்சின் பரப்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லல் ஆகாது. ஆலைக்கு ஆலை அது வேறுபட்டது.

மூன்றாவது சூட்டின் தடம். இஎல் 84 போன்ற திறன் வால்விலும் இஇசட் 81 போன்ற திருத்தி வால்விலும் கண்ணாடியின் உட்புறம் புகைபிடித்தாற்போல் கறை விழும். மேலே அச்சிட்ட பெயரும் மஞ்சளித்துக் கருகும். இசிசி 83 போன்ற சிறு வால்வோ அவ்வளவு சூடேறுவதில்லை. ஐந்தாண்டு உழைத்தும் தடமின்றி நிற்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

நிற்க. பெயரைப் பற்றி ஒரு சொல். மல்லார்ட் என்னும் பெயருக்கு மயங்குவோர் பலர். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் செய்யப்பட்ட பழைய மல்லார்ட் வேறு. அதே பெயரை முறைப்படி பெற்று ரஷ்யாவின் சராத்தோவ் நகரில் இக்காலத்தில் செய்யப்படுவது வேறு. பழங்காலத்திலும் ஒருவர் செய்ததை மற்றொருவர் பெயரில் விற்றதுண்டு. ஷா ஆலம் மக்களுக்குப் பானசோனிக் என்று தெரிந்த மட்சுஷிதா நிறுவனம், 1952-இல் பிலிப்சுடன் கூட்டுச் சேர்ந்து ஜப்பானில் வால்வு செய்தது. பெங்களூர்ப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் 1960-களில் வால்வுகள் செய்தது. மேலே அச்சிட்ட பெயர் விரலால் தேய்த்தாலே அழியக்கூடும். புதிதாக அச்சிடுவதும் எளிது. கண்ணாடியின் அடியில் மங்கலாகப் பொறித்த குறியீடே நம்பத்தக்கது. ‘பி 2 எப் 4’ என்றிருந்தால் பிளாக்பர்ன் ஆலை, 2-இல் முடியும் ஆண்டு, ஜூன் மாதம், நான்காம் வாரம் என்று பொருள். 1962-ஆ, 1972-ஆ என்பதை உள்ளமைப்பைக் கொண்டு உய்த்துணரவேண்டும். ஆயினும் இது பிறப்புச் சான்றிதழே. பிறந்தவர் உழைத்தாரா, சும்மா இருந்தாரா என்பதை அது சொல்லாது.

‘அளந்து பார்த்தால் தெரிந்துவிடாதா?’ என்று கேட்கலாம். ஏவோ போன்ற சோதனைக் கருவிகள் அதற்கென்றே உள்ளன. இஎல் 84-க்கு உரிய அளவு வோல்ட்டுக்கு 11.3 மில்லி ஆம்பியர். நூற்றுக்கு 70-க்குக் கீழ் இறங்கினால் கழித்துவிடுவது பலர் வழக்கம். ஆனால் வால்வு மெழுகுவத்திபோல் சீராகத் தேய்வதன்று. ஆயுளின் பெரும்பகுதி ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டிவிட்டு, இறுதியில்தான் விரைந்து சரியும். ஆகவே முழு அளவு காட்டும் வால்வு கோடியாகவும் இருக்கலாம், பாதி வாழ்ந்ததாகவும் இருக்கலாம். சூடேற்றும் இழைக்குரிய 6.3 வோல்ட்டை 5.7 ஆகக் குறைத்துச் சற்றுப் பொறுத்துப் பார்ப்பது இதனினும் கூரிய சோதனை. பூச்சு வலுவாக உள்ள வால்வில் மின்னோட்டம் சிறிதே குறையும், தளர்ந்ததில் விழுந்துவிடும். அதுவும் வால்வு நல்லதா என்பதைச் சொல்லுமேயன்றிக் கோடியா என்பதைச் சொல்லாது. இவ்விரண்டும் இருவேறு வினாக்கள். விற்போர் முதல் வினாவுக்கு விடை காட்டி, இரண்டாவதற்கு விலை கேட்கின்றனர்.

எந்தத் தடமும் கோடியை மெய்ப்பிப்பதில்லை. தடம் இருப்பின் கோடியன்று என மறுக்க மட்டுமே முடியும். மெய்ப்பிப்புக்கு மிக அருகில் வருவது ஒன்றுண்டு. அது கூட்டச் சான்று. ஒரே கட்டில் ஐந்தோ பத்தோ வால்வுகள். அனைத்துக்கும் ஒரே குறியீடு, ஒரே மங்கல், ஒரே வகைப் பூச்சு என்றால், அவை ஆலையிலிருந்து சேர்ந்தே வந்து சேர்ந்தே கிடந்தவை எனலாம். கழற்றிய வால்வுகள் ஒவ்வொன்றாகச் சேர்பவை. அவற்றின் குறியீடுகள் ஒத்திருப்பது அரிது. பத்துப் புதுப் பெட்டிகளுக்குள் பத்து ஆலைகளின் வால்வுகள் இருந்தால் அது பழுதுபார்த்தவரின் அலமாரி.

நம் தோட்டங்களோடு உறவுடைய வால்வே இத்தேர்வில் மிகக் கடினமானது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் மக்கள் கூடிக் கேட்க வானொலிகள் வைக்கப்பட்டன. மின்சாரம் எட்டாத லயங்களில் பேட்டரி வானொலிகளே பயன்பட்டன. அவ்வகைக்கென அமைந்தவை டிகே 91, டிஎப் 91, டிஏஎப் 91, டிஎல் 92 முதலியன. பெயரின் முதலெழுத்து ‘டி’ என்றால் இழைக்கு 1.4 வோல்ட், ‘இ’ என்றால் 6.3 வோல்ட் என்பது பிலிப்ஸ் மரபு. இவற்றின் இழை இருட்டிலும் அரிதாகவே ஒளிரும். சூடு மிகக் குறைவு. எனவே கருகிய பெயரோ புகைக்கறையோ இவற்றில் தேடிப் பயனில்லை. கால்களையும் கூட்டச் சான்றையுமே நம்பவேண்டும். இழை அறுந்ததா என்று பார்க்க இன்றைய எண் மீட்டரையே பயன்படுத்துங்கள். சில பழைய முள் மீட்டர்கள் தாழ்ந்த அளவில் செலுத்தும் மின்னோட்டம், டிகே 91-இன் 50 மில்லி ஆம்பியர் இழைக்கு மிகையாகிவிடக்கூடும். கோடியாக வந்தது சோதனை மேசையிலேயே முடிந்துபோகும்.