ஒளியும் ஒப்பனையும்

கதை, மாந்தர், உரையாடல், மெய்ப்பாடு, அரங்கு என நாடகத்தின் கூறுகளைப் பகுத்துரைப்பது மரபு. பரிதிமாற் கலைஞர் 1897இல் இயற்றிய ‘நாடகவியல்’ தமிழ் நாடகத்திற்கு இலக்கணம் வகுத்தது. வடமொழியிலுள்ள நாட்டிய சாத்திரம் உடல், மொழி, உள்ளம் ஆகியவற்றோடு ஒப்பனையையும் சேர்த்து நடிப்பு நான்கு வகைப்படும் என்கிறது. ஒப்பனை நடிப்பின் புறத்தே நிற்பதன்று, நடிப்பின் ஒரு வகையே என்பது இதனால் பெறப்படும்.

அழகுபடுத்துவதே ஒப்பனை என்பது பலரின் எண்ணம். அரங்கில் அதன் முதற்பணி, தொலைவில் அமர்ந்திருப்பவருக்கும் முகத்தைப் புலப்படுத்துவது. தூண்களின் நிழல் விழாதவாறு அரங்கில் விளக்கு அமைத்ததைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறுகிறது. அத்தகைய விளக்கொளியில் கண்ணும் புருவமும் காட்டும் மெய்ப்பாடு கடைசி வரிசையை எட்ட வேண்டுமாயின் வண்ணத்தின் துணை வேண்டும்.

தொண்டை மண்டலத் தெருக்கூத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். செய்யாற்றை அடுத்த புரிசை இக்கலைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு இரவெல்லாம் பாரதக் கதை நிகழும். கூத்தர் கண்ணாடியைக் கையில் ஏந்தித் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வர். கண்ணனுக்குப் பச்சை, வெகுளி மிகுந்த துரியோதனனுக்குச் சிவப்பு என வண்ணமே பாத்திரத்தின் இயல்பை அறிவிக்கும். குழுவுக்குக் குழு சிறு மாறுதல்கள் உண்டு. மரத்தாலான கிரீடத்திலும் புயக்கட்டைகளிலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் இருக்கின்ற சிறிதளவு ஒளியையும் வாங்கித் திருப்பித் தரும். இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னே வேடம் தோன்றும்போதே வருபவர் யாரெனக் கூட்டம் அறிந்துவிடும்.

முற்காலத்தில் மஞ்சள் வண்ணத்திற்குப் பயன்பட்ட கனிமம் அரிதாரம். அதன் பெயரே பின்னாளில் ஒப்பனை முழுவதற்கும் ஆகிவந்தது. அது ஆர்செனிக் கலந்த நச்சுப்பொருள் என்பதைப் பலர் அறியார்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பின்னர்ச் சமூக நாடகங்கள் பெருகின. மேடைக்கு மின்னொளியும் வந்தது. கூத்துக்குரிய அழுத்தமான வண்ணம் இவ்வகை நாடகங்களுக்கு மிகையாகும்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைக் களமாகக் கொண்ட நாடகத்தைப் பள்ளியில் நடிப்பதாகக் கொள்வோம். மீனவர் வேடம் என்றவுடன் முகமெங்கும் கரி பூசுவோர் உளர். அது உழைப்பவரின் முகத்தைக் கேலிப்பொருளாக்குவதாகும், கண்ணசைவையும் மறைத்துவிடும். வெயிலுக்கு இடுங்கிப் பழகிய கண்ணோரத்தில் மெல்லிய கோடுகள் சில, தலையில் கட்டிய துண்டு, உப்பு நீரில் வெளுத்த சட்டை ஆகியவை போதும். மேடை விளக்குகளை ஏற்றி, கடைசி வரிசையில் ஒருவரை அமரச் செய்து, அக்கோடுகள் அவருக்குத் தெரிகின்றனவா எனக் கேட்டறிந்த பின்னரே ஒப்பனையை முடித்தல் வேண்டும்.