சிகிச்சை அறையில் இசையின் இடம்

அறுவை சிகிச்சைக்கோ கதிர்வீச்சுக்கோ காத்திருக்கும்போது நோயாளியின் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்ந்து, தசைகள் இறுகி, சிறு வலியும் பெரிதாகத் தோன்றும் நிலையையே மருத்துவர்கள் சிகிச்சைப் பதற்றம் என்கின்றனர். இதனைத் தணிக்க இசையை நாடுவது புதியதன்று; அமெரிக்க அறுவை மருத்துவர் இவான் கேன், அறுவை அரங்கில் கிராமபோனைப் பயன்படுத்தியது பற்றி 1914இலேயே மருத்துவ இதழில் எழுதினார்.

ஆஸ்திரேலியாவில் இசைச் சிகிச்சை தனித் தொழிலாகவே வளர்ந்தது. இத்துறையின் முன்னோடி ரூத் பிரைட்டின் முயற்சியால் 1975இல் ஆஸ்திரேலிய இசைச் சிகிச்சைச் சங்கம் உருவாக, 1978இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் இதற்கான படிப்பு தொடங்கியது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் அருகிருந்து, நோயாளியின் மூச்சுக்கும் மனநிலைக்கும் ஏற்பப் பாடியும் வாசித்தும் அவரை அமைதிப்படுத்துவது இசைச் சிகிச்சை எனப்படும். மெல்பர்ன் அரச சிறுவர் மருத்துவமனையில் இச்சிகிச்சையாளர்கள் பணியாற்றுகின்றனர். பதிவுசெய்த பாடலை நோயாளி ஹெட்போனில் தாமே கேட்பது இசைச் சிகிச்சையிலிருந்து வேறானது. ஆய்வுகள் பெரும்பாலும் இந்த எளிய முறையையே சோதித்துள்ளன.

லான்செட் இதழ் 2015இல் வெளியிட்ட, 73 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வின்படி, இசை கேட்டவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய வலியும் பதற்றமும் வலிமருந்தின் தேவையும் குறைந்தன. ஆயினும் மெல்பர்ன் பீட்டர் மக்கெல்லம் புற்றுநோய் மையத்தில், முதன்முறை கதிர்வீச்சு பெற்றவர்கள் தாமே தெரிந்தெடுத்த இசையைக் கேட்ட ஆய்வில், பதற்ற அளவுகோலின் மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எனினும் இசை துணையாக இருந்ததாகப் பலர் கூறினர். மேலும், மாத்திரையை ஒத்த போலி மாத்திரை தருவதுபோல் போலி இசை தர இயலாமையால், தாம் இசை கேட்பதை நோயாளி அறிந்தே பதிலளிக்கிறார் என்பதையும் இம்முடிவுகளைப் படிப்போர் கருத்திற்கொள்ள வேண்டும்.

நிமிடத்துக்கு 60 முதல் 80 வரை தாளம் கொண்ட, திடீர் ஏற்ற இறக்கமற்ற இசை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. எனினும் மேற்கு சிட்னியில் வாழும் தமிழ் முதியவருக்கு அறிமுகமற்ற பியானோவைவிட, பழகிய ஆலாபனையோ பழைய திரைப்பாடலோ நெருக்கமாக இருக்கலாம். இசை மயக்க மருந்துக்கு மாற்றன்று. ஆனால் செலவும் தீங்கும் மிகக் குறைந்த துணை. ஆகவே சிகிச்சைக்குச் செல்வோர், தம் பாடல்களைக் கேட்க அனுமதி உண்டா என்று செவிலியரிடம் முன்னரே கேட்டுவைப்பது நன்று.