விசில் அடிக்காத குக்கர்

டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே நான்கு மணி நேரம் காத்திருப்பவர்களுக்குப் பேசுவதற்கு ஏதேனும் ஒரு பொருள் வேண்டும். அண்மைக் காலமாக அங்கே அடிக்கடி பேசப்படுவது மல்ட்டி குக்கர். சோறு சமைத்தல், அழுத்தத்தில் வேகவைத்தல், ஆவியில் அவித்தல், மெல்லச் சமைத்தல், தயிர் உறையச் செய்தல் எனப் பல வேலைகளை ஒரே பாத்திரத்தில் செய்யும் மின்கருவி இது. வெளியூரில் வாழும் பிள்ளைகள் வாங்கி அனுப்புகின்றனர். சிலர் தாமே வாங்குகின்றனர். ஒருவர் செய்து பார்த்ததை மற்றவர் குறித்துக்கொள்கிறார். அந்த அனுபவங்களுள் சிலவற்றை, உரிய எச்சரிக்கைகளுடன் இங்கே தருகிறோம்.

முதல் குழப்பம் எல்லோருக்கும் ஒன்றே. இக்கருவி விசில் அடிப்பதில்லை. 'பருப்புக்கு நான்கு, கடலைக்கு எட்டு' என்று வாழ்நாள் முழுவதும் எண்ணிப் பழகியவர்கள் இதன் முன் திகைத்து நிற்கின்றனர். விசில் கணக்கு அடுப்பின் தீயையும் குக்கரின் அளவையும் பொறுத்து மாறுவது. இங்கே கணக்கு நிமிடங்களில். ஊறவைக்காத துவரம்பருப்பு உயர் அழுத்தத்தில் ஏறத்தாழ 10 நிமிடத்தில் குழைகிறது. அழுத்தம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம் தனி. இதை அறியாமல், மாத்திரை வேளைக்குப் பத்து நிமிடம் முன்னர் பாத்திரத்தை வைத்து, நோயாளியைக் காக்கவைத்தவர்கள் உண்டு.

பக்கவாதத்திற்குப் பின் விழுங்குவதில் சிரமப்படும் தாயைக் கவனித்துக்கொள்ளும் மகன் ஒருவர், அரிசிக் கஞ்சியில் தேர்ந்துவிட்டார். ஒரு பங்கு நொய்யரிசிக்கு எட்டுப் பங்கு தண்ணீர், உயர் அழுத்தத்தில் 15 நிமிடம், பின்னர் அழுத்தம் தானாக இறங்கும்வரை பொறுத்திருத்தல்: இதுவே அவருடைய கணக்கு. அவசரப்பட்டு வால்வைத் திறந்தால் கஞ்சி நுரைத்து, ஆவித் துளை வழியே பீறிடும். பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதற்கும் அந்த நுரையே காரணம். ஆறும்போது கஞ்சி கெட்டிப்படும் என்பதால், ஊட்டும் வேளையில் உள்ள பதத்தைத்தான் பார்க்க வேண்டும். நீர் தனியாகவும் பருக்கை தனியாகவும் பிரிந்து நிற்கும் கஞ்சி இத்தகைய நோயாளிகளுக்கு ஆபத்தானது. புரையேறி நுரையீரலுக்குள் செல்லக்கூடும். ஆகவே அவர் அதை மசித்து, விழுங்கற்பயிற்சி அளிப்பவர் காட்டிய பதத்திற்குக் கொண்டுவந்த பின்னரே ஊட்டுகிறார். சர்க்கரை நோயாளிகள் இக்கஞ்சியைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். குழைந்த சோறு விரைவில் செரித்து, இரத்தச் சர்க்கரையையும் விரைவாக ஏற்றும்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்ளும் மனைவிக்குச் சமைக்கும் கணவர் ஒருவர் சொன்னது, கருவியின் விளம்பரங்களில் நாம் காணாத பயன். தாளிக்கும் வாசனை எழுந்தாலே அவருடைய மனைவிக்குக் குமட்டும். இப்போது குக்கரைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், மூடி இறுகிய நிலையில் சமைக்கிறார்; உணவு சற்று ஆறிய பின்னரே அறைக்குள் எடுத்துச் செல்கிறார். அம்மையார் மீண்டும் நாலு கவளம் உண்கிறார்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தி. வாரம் இருமுறை கணவரை டயாலிசிசுக்கு அழைத்துவரும் ஓர் அம்மையார், காத்திருப்போரிடையே சாம்பார் சாதத்திற்குப் பெயர் பெற்றவர். அரிசி, பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, தக்காளி அனைத்தையும் ஒன்றாக இட்டு மூடிவிடுவார். சமையலுக்குச் செலவாகும் நேரம் அரைமணி. மீதி நேரம் அவருக்கு ஓய்வு. அந்த ஓய்வு எத்துணை அரிது என்பதைக் கவனிப்பாளர்கள் அறிவர். சில வாரங்களில் கணவரின் இரத்தப் பொட்டாசியம் 6.2 ஆக உயர்ந்தது. இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. உணவியல் நிபுணர் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அம்மா, காய் வெந்த தண்ணீர் எங்கே போகிறது?"

"எங்கும் போகாது மேடம். சோற்றிலேயே வற்றிவிடும். ஒரு சொட்டுச் சத்துகூட வீணாகாது."

சிக்கல் அங்கேதான் இருந்தது. காய்கறியில் உள்ள பொட்டாசியம் நீரில் கரைந்து வெளியேறும் தன்மையுடையது. நலமுள்ளவர்களுக்கு அந்த நீர் நன்மை. சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலால் மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்ற இயலாது. அது இதயத் துடிப்பையே குலைக்கும். எனவே அவர்களுக்கான காய்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்நீரை வடித்துக் கொட்ட வேண்டும். பச்சையாக ஊறவைப்பது மட்டும் போதாது. மூடிய பாத்திரத்தில் ஒன்றாகச் சமைக்கும்போது வடிப்பதற்கு இடமே இல்லை. நம் பாட்டிமார் கஞ்சி வடித்த காலத்துச் சமையலறையில் இயல்பாக இருந்த ஒரு வேலையை இக்கருவி நீக்கிவிட்டது. சிறுநீரக நோயாளிக்குத் தேவைப்படுவது அந்த வேலைதான்.

கருவியின் மீது பழியில்லை. யாருக்காகச் சமைக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது.

வேறு இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்தாக வேண்டும். சிவப்பு ராஜ்மாவை 'மெல்லச் சமைத்தல்' முறையில் நேரடியாக வேகவைக்கக் கூடாது. அக்கொட்டையில் இயற்கையாக உள்ள நச்சுப்பொருள் மிதமான சூட்டில் அழியாது. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் அரைமணி நேரம் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகே மெல்லச் சமைக்கலாம். அழுத்தத்தில் நன்கு வேகவைப்பது அதனினும் எளிது.

மற்றொன்று, இரவில் சமைத்துக் காலைவரை உள்ளேயே விட்டுவைக்கும் வழக்கம். 'சூடாக வைத்தல்' இயங்கும்போது உணவு 60 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால் கேடில்லை. மின்சாரம் தடைப்பட்டால் அந்தச் சூடு போய்விடும். சோற்றில் எஞ்சியிருக்கும் கிருமி வித்துகள் வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது. சமைத்த உணவை 2 மணி நேரத்திற்குள் உண்ண வேண்டும், இல்லையேல் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் வீட்டில் இருந்தால் இதில் சலுகையே கிடையாது.

சாம்பார் சாத அம்மையார் கருவியை விட்டுவிடவில்லை. மூடியைத் திறந்துவைத்து, வதக்கும் முறையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதில் காய்களை வேகவைத்து வடித்துவிடுகிறார். உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் பதிலாக, நிபுணர் குறித்துக்கொடுத்த அளவில் சுரைக்காயும் கத்தரிக்காயும் சேர்க்கிறார். அதன் பிறகே அரிசியும் பருப்பும் அழுத்தத்திற்குப் போகின்றன. இதற்கு இருபது நிமிடம் கூடுதலாகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் 5.1. கணவருக்குத்தான் சாம்பாரில் முருங்கைக்காய் இல்லாதது இன்னும் மனத்தாங்கல்.