பொன்னாடையோடு முடிவதில்லை

யோப்பா நகரில் தபித்தா என்னும் பெண் சீடர் இருந்தார். அவர் நோயுற்று இறந்தபோது, அங்கு வந்த பேதுருவைக் கைம்பெண்கள் சூழ்ந்து நின்று அழுதனர். தபித்தா தங்களுக்குத் தைத்துக் கொடுத்த ஆடைகளை எடுத்துக் காட்டினர் (திருத்தூதர் பணிகள் 9:36-43). அங்கே வாழ்த்துமடல் எதுவும் வாசிக்கப்படவில்லை. ஏழைகள் உடுத்தியிருந்த ஆடைகளே அவருக்குச் சான்றாயின.

நம் பங்குகளிலும் தபித்தாக்கள் உளர். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். ஆலயங்களும் பாடசாலைகளும் தங்குமிடங்களாயின. அத்தகைய துயரநாள்களில் பிறர் கண்ணீர் துடைக்கப் பழகிய அன்னையர் சிலர், இன்று தலை நரைத்த பின்னரும் மாதர் சங்கங்களை ஊதியமின்றி வழிநடத்துகின்றனர். திருவிழா நாளில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அது நன்றே. ஆயினும், மறுநாட் காலை நோயாளரின் வீட்டுக்கு அந்த அன்னையுடன் செல்பவர் யார்?

கெங்கிரேயா திருச்சபையின் திருத்தொண்டராகிய பெயிபாவைத் தூய பவுல் உரோமையருக்கு அறிமுகம் செய்கிறார். அவர் பலருக்கும் தமக்கும் உதவியவர் எனப் போற்றுவதோடு பவுல் நிறுத்திக்கொள்ளவில்லை. அவருக்குத் தேவையானவற்றில் துணைசெய்யுமாறும் கேட்கிறார் (உரோமையர் 16:1-2). பாராட்டுக்குப் பின்னர் பங்கேற்பும் வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

மரியாயின் சேனையின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 1921 செப்ரெம்பர் 7 அன்று, அன்னையின் பிறப்பு விழாவுக்கு முந்திய மாலையில், டப்ளின் நகரில் அதன் முதற் கூட்டம் நடைபெற்றது. அதனைத் தோற்றுவித்தவர் பிராங் டஃப் என்னும் பொதுநிலையினர். வந்திருந்தோரிற் பெரும்பாலானோர் இளம்பெண்கள். அவர்களுள் மூத்தவரான எலிசபெத் கிர்வன் அம்மையார் முதற் தலைவியானார். அச்சேனையின் ஒழுங்குப்படி ஒருவர் ஒரு பொறுப்பில் மூன்று ஆண்டுகளும், மீண்டும் தெரிவானால் இன்னும் மூன்று ஆண்டுகளுமே இருக்கலாம். பின்னர் அதனை வேறொருவர் ஏற்க வேண்டும். பணி ஒருவரோடு நின்றுவிடலாகாது என்பதே இதன் உட்பொருள்.

ஓர் அன்னை முப்பது ஆண்டுகள் தலைவியாக இருந்தார் எனில், அது அவருடைய தியாகத்துக்குச் சான்று. பொறுப்பேற்க வேறெவரும் முன்வராமையே அதற்குக் காரணமெனில், அது நம் மனச்சான்றைத் தொடும் கேள்வி. "நேரமில்லை" என ஒதுங்கிய நாமே கைதட்டவும் முந்திக்கொள்கிறோம் அல்லவா?

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், உங்கள் மகளையும் அழைத்துக்கொண்டு அந்த அன்னையிடம் செல்லுங்கள். "அம்மா, இக்கிழமை யாரைச் சந்திக்கப் போகிறீர்கள்? நாங்களும் வருகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை பொன்னாடைகளும் தராத மகிழ்ச்சியை அவர் முகத்திற் காண்பீர்கள்.

தபித்தாவைப் பேதுரு உயிருடன் எழுப்பி இறைமக்களிடம் ஒப்படைத்தார். நம் அன்னையரின் பணியை உயிருடன் காக்கும் பொறுப்போ நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அவர்கள் கையிலுள்ள ஊசியையும் நூலையும் இன்றே கேட்டு வாங்குவோம்.