ஸ்டார்ட் ஆகுது, உடனே ஆஃப் ஆகிடுது: பழைய புல்லட்டின் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய புல்லட். பல வருஷம் வீட்டு ஓரத்தில் நின்றதைத் தூசி தட்டி வெளியே எடுத்திருக்கிறீர்கள். நாலைந்து கிக்கில் ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. ஆனால் தெருமுனை போவதற்குள் ஆஃப். மறுபடி கிக், மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஆஃப்.

இந்த நிலையில் பலரும் செய்வது ஒன்றுதான்: பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றுவது. முதலில் பிளக், அடுத்த வாரம் காயில், அதற்கடுத்து "கார்புரேட்டரே போச்சு சார், புதுசு போட்டுடலாம்". பணம் போகும். கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் பழைய இரும்புக்கடைக்குப் போகும். சிக்னலில் பஸ்ஸுக்கு முன்னால் வண்டி ஆஃப் ஆவது மட்டும் தொடரும்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்க: வண்டி எப்போது, எப்படி ஆஃப் ஆகிறது?

ஸ்டார்ட் ஆகிறது என்பதே ஏன் நல்ல செய்தி?

பெட்ரோல் இன்ஜின் ஓட நாலு விஷயம் வேண்டும்: பெட்ரோல், காற்று, சரியான நேரத்தில் ஸ்பார்க், சிலிண்டருக்குள் கம்ப்ரஷன். வண்டி ஸ்டார்ட் ஆகிறது என்றால் அந்த நொடியில் நாலும் இருக்கின்றன. ஓடும்போது அதில் ஏதோ ஒன்று குறைகிறது அல்லது அறுந்துபோகிறது. சுத்தமாக ஸ்டார்ட்டே ஆகாத வண்டியைவிட இதில் தேட வேண்டிய இடம் குறைவு.

புதிய பைக்குகளில் சென்சாரும் இசியூவும் கோளாறைப் பதிவு செய்து வைக்கும். 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய பிறகு, திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த 346 சிசி காஸ்ட் அயர்ன் புல்லட்டில் அதெல்லாம் கிடையாது. கார்புரேட்டர், பாயிண்ட், கண்டென்சர், காயில், பேட்டரி, அவ்வளவுதான். அதனால் கோளாறைப் பதிவு செய்யும் வேலை உங்களுடையது. போனில் ஒரு நோட் திறந்து, ஒவ்வொரு முறை ஆஃப் ஆகும்போதும் எத்தனை நிமிஷம் ஓடியது, இன்ஜின் சூடா, ஆக்சிலரேட்டர் எந்த நிலையில் இருந்தது என்று எழுதிக்கோங்க.

எப்போது ஆஃப் ஆகிறது?

பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கும்.

• ஆக்சிலரேட்டரை விட்டதும் ஆஃப். முறுக்கிப் பிடித்தால் ஓடுகிறது: கார்புரேட்டரின் பைலட் ஜெட்டில் அடைப்பு, ஐடியலிங் செட்டிங் தவறு அல்லது கார்புரேட்டருக்குப் பின்னால் காற்றுக் கசிவு.

• சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் ஆஃப்: பெட்ரோல் குறைவாகவோ காற்று அதிகமாகவோ போகிறது. இங்கேயும் பைலட் ஜெட், காற்றுக் கசிவு இரண்டும்தான் முதல் சந்தேகம்.

• சில நிமிஷம் நன்றாக ஓடி ஆஃப். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட்: பெட்ரோல் போதுமான வேகத்தில் இறங்கவில்லை, அல்லது கண்டென்சரோ காயிலோ சூடானதும் வேலை செய்வதில்லை.

• பள்ளத்தில் இறங்கும்போதோ ஹேண்டில்பாரைத் திருப்பும்போதோ பட்டென்று ஆஃப்: எங்கோ வயர் லூஸ். இக்னிஷன் சுவிட்ச், பேட்டரி டெர்மினல், எர்த் வயர் ஆகியவற்றைப் பாருங்க.

ஆஃப் ஆகும் விதமும் துப்புக் கொடுக்கும். பெட்ரோல் பிரச்சினை என்றால் வண்டி பெரும்பாலும் இழுவை குறைந்து, திணறி, மெல்ல அடங்கும். கரண்ட் பிரச்சினை என்றால் சாவியைத் திருப்பினாற்போலச் சட்டென்று அடங்கும். இது நூற்றுக்கு நூறு சரியான விதி இல்லை. ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று சொல்லிவிடும்.

ஆஃப் ஆன அந்த ஒரு நிமிஷத்தில் என்ன பார்க்கணும்?

வண்டி ஆறிப்போனால் தடயமும் போய்விடும். அதனால் சோதனையை டிராஃபிக்கில் செய்யாமல், வீட்டு வாசலில் திறந்த வெளியில் ஓடவிட்டு, ஆஃப் ஆனதும் உடனே இந்த மூன்றையும் பாருங்க.

1. டேங்க் மூடி: மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் வரத்து நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் கோளாறு கிடைத்துவிட்டது. செலவு பூஜ்யம்.

2. ஆம்ஸ் மீட்டர்: ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன முள் வெறும் அலங்காரம் இல்லை. பேட்டரியும் பாயிண்டும் உள்ள புல்லட்டில் சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் மூடித் திறப்பதற்கேற்ப முள் மைனஸ் பக்கம் போய் நடுவுக்குத் திரும்பணும். முள் அசையவே இல்லை என்றால் பாயிண்ட் வரை கரண்ட் போகவில்லை, அல்லது பாயிண்ட் அழுக்காகிவிட்டது.

3. ஸ்பார்க்: ஒரு உபரி பிளக்கை கையோடு வைத்திருங்க. இன்ஜினில் உள்ள பிளக்கைக் கழற்றாமல், கேப்பை மட்டும் எடுத்து உபரி பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடல் சிலிண்டர் ஹெட்டைத் தொடும்படி வைத்துக் கிக் செய்யுங்க. பளிச்சென்ற நீல ஸ்பார்க் வந்தால் கரண்ட் சரி. பெட்ரோல் பக்கம் தேடலாம். மஞ்சளாக, மெலிதாக வந்தாலோ வரவே இல்லை என்றாலோ பாயிண்ட், கண்டென்சர், காயில். பிளக்கின் உலோகத்தைக் கையால் பிடிக்கக் கூடாது. பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது.

பெட்ரோல் பக்கம் என்றால்?

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகுதான் இந்த வேலை. பக்கத்தில் சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம்.

கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி, ஒரு பாட்டிலில் பிடித்து டேப்பைத் திறங்க. பெட்ரோல் தடையின்றி ஒரே சீராக ஊற்றணும். சொட்டு சொட்டாக வந்தால் டேப்பின் வலையில் துரு அடைத்திருக்கும். நீண்ட நாள் நின்ற டேங்கில் துரு இருப்பது சகஜம். டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்தால் சில நாளில் அதே அடைப்பு திரும்பிவிடும்.

அடுத்து பைலட் ஜெட். ஐடியலிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் இதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பழைய பெட்ரோல் காய்ந்து பிசினானால் முதலில் அடைவது இதுதான். கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது.

காற்றுக் கசிவைப் பார்க்க, இன்ஜின் ஓடும்போது கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் கொஞ்சம் தண்ணீரை ஸ்பிரே செய்யுங்க. இன்ஜின் சத்தம் மாறினால் அங்கே கசிவு இருக்கிறது. சூடான இன்ஜினில் இதற்காகப் பெட்ரோலோ கிளீனரோ அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். நட்டை அளவுக்கு மீறி இறுக்குவதும் தீர்வாகாது. அதனாலேயே கார்புரேட்டரின் ஃபிளான்ஜ் வளைந்து கசிவு ஆரம்பிப்பதுண்டு.

கரண்ட் பக்கம் என்றால்?

பாயிண்ட் முழுசாகத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கணும். ஃபீலர் கேஜ் வைத்து நீங்களே பார்க்கலாம். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால், இன்ஜின் ஓடும்போது அங்கே பெரிய பொறி பறந்தால், கண்டென்சரைச் சந்தேகப்படலாம். ஆறினால் சரியாகி, சூடானால் படுத்துவது கண்டென்சரின் வழக்கமான குணம். விலை குறைவான பாகம் என்பதால் காயிலுக்கு முன்பே இதை மாற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பிந்தைய மாடல்களில் பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் இருக்கும். உங்கள் வண்டியில் எது என்று முதலில் உறுதி செய்துக்கோங்க.

இரண்டு பக்கமும் சரி, ஆனாலும் சூடானதும் ஐடியலிங் நிற்கவில்லையா? டேப்பெட்டைப் பாருங்க. இன்ஜின் ஆறிய நிலையில், பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கும்போது புஷ்ராடுகள் விரலால் உருட்டினால் சுலபமாகச் சுற்றணும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும்.

இ20 பெட்ரோல்தான் காரணமா?

இன்று பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20% எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிக்காரர்கள் எல்லாப் பழியையும் இதன் மேல் போடுகிறார்கள். கணக்கைப் பார்க்கலாம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இரண்டும் கலக்கும்போது தேவையான காற்று குறைகிறது. இசியூ உள்ள வண்டி இதை ஓரளவு தானே சரிசெய்யும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பழைய அளவிலேயே காற்றை விடும். பைலட் ஜெட் ஏற்கெனவே பாதி அடைத்திருந்தால், இந்தச் சின்ன வித்தியாசமே ஐடியலிங்கில் வண்டியை அணைத்துவிடலாம். ஏர் ஸ்க்ரூவைச் சிறிது உள்ளே திருப்பிப் பார்ப்பது இதற்கு முதல் மருந்து.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கலாம். டேப் பெட்ரோல் எடுப்பதும் அடியிலிருந்துதான். பழைய ரப்பர் டியூப், வாஷர்களும் பாதிக்கப்படலாம். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட்டுகளை மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே ஆகஸ்ட் 2025-ல் சொன்னது. பெரிய பாதிப்பு இல்லை என்பது அரசின் நிலைப்பாடு.

ஆக, இ20 ஏற்கெனவே இருக்கும் கோளாறைப் பெரிதாக்கலாம். ஆனால் அடைத்த டேங்க் மூடிக்கும் லூஸான வயருக்கும் அதைக் குற்றம் சொல்ல முடியாது. சில வாரம் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ள பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்க.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். பிளக், கண்டென்சர், ஜெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி சரியானாலும் எது கோளாறு என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. செலவில்லாத சோதனைகள் முதலில், விலை குறைந்த பாகங்கள் அடுத்து, கார்புரேட்டரும் காயிலும் கடைசியில்.

"வண்டி ஆஃப் ஆகுது, பாருங்க" என்று விட்டுவிட்டு வராதீங்க. "பத்து நிமிஷம் ஓடி சட்டுனு ஆஃப் ஆகுதுண்ணே, அப்போ ஸ்பார்க் இல்ல, ஆறினா வருது" என்று சொல்லுங்க. நல்ல மெக்கானிக்குக்கு இதுவே பாதி வேலை. ஏதாவது மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கோங்க. அந்தக் காலத்து ஒரிஜினல் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டலாம்; இரும்புக்கடைக்குப் போய்விட்டால் தேடிப் பிடிப்பது கஷ்டம்.